நாற்பது நாள் பின்னே ஒரு திங்கட்கிழமை

எங்கள் பத்திரிகையைக் கெய்ரோவில் யாரும் முதல் பக்கத்திலிருந்து படிப்பதில்லை. நேரே மரண அறிவிப்புப் பக்கத்தைப் புரட்டி, யார் போய்ச் சேர்ந்தார் என்று பார்த்துவிட்டுத்தான் முன்னால் வருவார்கள். முதல் பக்கத்தில் அமைச்சர் திறந்து வைத்த பாலம் இருக்கும். நாளைக்கும் அதே அமைச்சர், வேறு பாலம். ஆனால் அந்தப் பின்பக்கத்தில் பெயர் வந்துவிட்டால் அந்த ஆள் உண்மையாகவே இறந்துவிட்டார். வரவில்லை என்றால், குழிக்குள் இறக்கி மண்ணைத் தள்ளிய பிறகும், "பேப்பர்ல பாக்கலியே" என்று சொல்லிச் சொந்தக்காரர்கள் துக்கத்துக்கு வராமல் இருந்துவிடலாம். யாரும் அவர்களைக் குறை சொல்ல மாட்டார்கள்.

அந்தப் பக்கத்துக்கு அறிவிப்பு வாங்குகிற கவுண்டரில் பதினாறு வருஷம் உட்கார்ந்தவள் நான். பெயர் தவ்லத். இறந்தவரின் பெயர், இன்னாரின் மகன், இன்ஜினியர் இன்னாரின் தம்பி, ஹாஜி இன்னாரின் மருமகன் என்று சொந்தங்களை வரிசையாக எழுதி வாங்குவதுதான் வேலை. பல் டாக்டர் மச்சானுக்கு முன்னால் இன்ஸ்பெக்டர் மச்சான் பெயரைப் போட்டுவிட்டேன் என்று ஒருவன் செருப்பைக் கழற்றிக்கொண்டு வந்திருக்கிறான். உத்தியோகத்தை ஒரு படி உயர்த்திச் சொல்வார்கள். என் பக்கத்தில் வந்த பொய் அவ்வளவுதான்.

பெரிய பொய்க்கு மூன்றாம் மாடி. அங்கே உஸ்தாத் வஜ்தி இருந்தார்; படித்த பெரியவர்களை உஸ்தாத் என்றுதான் கூப்பிடுவோம். முதல் பக்கத் தலைப்பு எழுதுவது அவர் பொறுப்பு. நல்ல சட்டை, நல்ல கையெழுத்து, யாரைப் பார்த்தாலும் ஒரு சிரிப்பு. அரசாங்கப் பத்திரிகை என்பதால் தலைப்பின் சாரம் மேலிடத்திலிருந்து தொலைபேசியில் வரும். அதற்குச் சட்டை மாட்டி, தலைவாரி அனுப்புவது அவர்.

அறுபத்தேழாம் வருஷம், ஜூன் ஐந்து, திங்கட்கிழமை. காலை ஒன்பது மணி வாக்கில் சைரன் ஊதிப் போர் தொடங்கியது. நான் ஒரு கையெழுத்துக்காக மூன்றாம் மாடிக்குப் போனபோது பகல் ஒரு மணி இருக்கும். எதிரி விமானங்களை வீழ்த்தியதாக இரண்டு சிறப்புப் பதிப்புகள் ஏற்கெனவே தெருவுக்குப் போயிருந்தன. முதலாவதில் நாற்பது, இரண்டாவதில் அறுபது. மூன்றாவதுக்கு மேலிருந்து வந்த சொல் 'எண்பதுக்கு மேல்' என்பதுதான். வஜ்தி டீயை உறிஞ்சிவிட்டுப் பேனாவால் பல்லைத் தட்டினார்.

"எண்பதுன்னா குத்துமதிப்பா சொன்ன மாதிரி இருக்கும், தவ்லத். எண்பத்துமூணுன்னு போட்டா ஒவ்வொண்ணா எண்ணிப் பாத்த மாதிரி இருக்கும்."

"யாரு எண்ணினா, உஸ்தாத்?"

"ஜனங்க எண்ணிக்குவாங்க," என்று கண்ணடித்தார்.

'எண்பத்துமூன்று' என்பது உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு எழுத்தில் போனது. அந்த நேரத்தில் எங்கள் விமானங்கள் ஓடுதளத்திலேயே எரிந்து கரியாகிக் கிடந்தன. அது தனக்குத் தெரியாது என்று வஜ்தி பிறகு சொன்னார். இருக்கட்டும். தெரியாத ஒன்றை எண்பத்துமூன்று என்று எழுத ஒரு மனிதனுக்குக் கை கூச வேண்டாமா?

நாலு நாளில் எல்லாம் வெளியே வந்தது. சினாய்ப் பாலைவனம் முழுக்கக் கைவிட்டுப் போனது, கால்வாய்க் கரை வரை எதிரி வந்துவிட்டான். முதல் பக்கத்தில் 'பின்னடைவு' என்ற சொல் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. பரீட்சையில் இரண்டு மதிப்பெண் குறைந்த பையனுக்குச் சொல்கிற சொல். அதற்குக் கீழே தினமும் 'படைகள் உறுதியாக நிற்கின்றன' என்று வரும். எத்தனை பேர் நிற்கவில்லை என்று ஒருநாளும் வரவில்லை.

என் கவுண்டருக்கு முன்னால் வரிசை கதவைத் தாண்டிப் போனது. அந்த வாரமே தணிக்கை அதிகாரி கேப்டன் லுத்ஃபி வந்து என் பக்கத்தில் ஒரு மேஜை போட்டுக்கொண்டார். புதிய மரண அறிவிப்பு ஒவ்வொன்றிலும் அவர் முத்திரை விழ வேண்டும். சிப்பாய் என்றால் விழாது. இராணுவத்திலிருந்து பட்டியல் வந்த பிறகுதான்.

"பட்டியல் எப்ப வரும், கேப்டன்?"

"வரும்போது வரும்."

"அதுவரைக்கும் அவங்க வீட்ல அழலாமா, அதுக்கும் முத்திரை வேணுமா?"

"இந்தாம்மா, முன்பக்கத்துல படை உறுதியா நிக்குதுன்னு போடறோம். பின்பக்கத்துல வரிசையா செத்தான் செத்தான்னு போட்டா பாக்கறவன் என்ன நெனைப்பான்? ஏற்கெனவே வாங்கி வெச்சிருக்கியே, அதையெல்லாம் கிழிச்சுப் போடு."

நான் கிழிக்கவில்லை. இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன்.

உம்மு ஷவ்கி, அதாவது ஷவ்கியின் அம்மா, ஜூன் கடைசியில் வந்தாள். பூலாக் பகுதிக்காரி, துணி துவைத்துப் பிழைப்பவள். கறுப்புப் போர்வையின் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மற்றவர்களைப் போலக் கெஞ்சாமல், கடைக்காரனிடம் கேட்பது போலக் கேட்டாள்.

"எம் பையன் ஷவ்கி. இருபத்திரெண்டு வயசு. பட்டாளத்துல லாரி ஓட்டினான். சினாய்ல ஒரு விமானத் தளத்துல. திங்கக்கிழமை காலைல செத்துட்டான். எழுதிக்க, மகளே."

"திங்கக்கிழமைன்னு எப்படித் தெரியும்?"

"கூட இருந்த பயூமி எட்டு நாளா நடந்தே வந்து சொன்னான். காலு ரெண்டும் பூசணிக்கா மாதிரி வீங்கியிருந்துச்சு. விமானம் வந்தப்ப நம்மளுதுன்னு நெனைச்சு ஷவ்கி லாரி மேல ஏறி நின்னு கையாட்டினானாம். பகல் தொழுகை நேரத்துல பயூமிதான் கையாலயே மண்ணைத் தோண்டிப் புதைச்சான்."

"இராணுவத்துல என்ன சொல்றாங்க?"

"காணோம்ங்கிறாங்க. காணாமப் போறதுக்கு அவன் என்ன சாவிக்கொத்தா?"

பிறகுதான் மெதுவாக மற்றதைச் சொன்னாள். ஓடிவந்தவனை எங்கே ஒளித்து வைத்திருக்கிறாய் என்று இராணுவப் போலீஸ் வந்து கட்டிலுக்கு அடியில் துழாவியிருக்கிறது. துவைக்க வைத்திருந்த ஊரார் துணி மூட்டைகளைக் கத்தியால் குத்திப் பார்த்திருக்கிறது. தெருமுனை முடிதிருத்துபவன், ஷவ்கி பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினதாகக் காபிக் கடையில் நடித்துக் காட்ட, எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அந்த நாட்களில் ஊர் அப்படித்தான் இருந்தது. தோற்றதற்கு யாரையாவது திட்டியாக வேண்டும். மாடியில் இருப்பவர்களைத் திட்டப் பயம். வெறுங்காலோடு வந்த பையன்களைப் பிடித்துக்கொண்டார்கள்.

"நாலு வரி போடு. அது வந்துட்டா நான் தெருவுல நாற்காலி போட்டு ஓதறவரைக் கூப்பிடுவேன். எம்புள்ள ஓடலை, செத்துட்டான்னு எல்லாரும் வந்து உக்காந்து எந்திரிக்கணும். அந்த முடிவெட்டறவன் முதல்ல வந்து உக்காரணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

கேப்டன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பட்டியல் வரட்டும்," என்றார்.

நான்கைந்து நாளுக்கு ஒருமுறை வந்தாள். ஒவ்வொரு முறையும் அதே பதில். வீட்டுக்குப் போனால் சோறு இறங்கவில்லை. என் அண்ணன், "உனக்கென்ன வந்துச்சு, நீ சம்பளம் வாங்கறவதானே" என்றான். அவன் மேல் தட்டை எறிந்தேன்.

ஜூலை பதினொன்று, செவ்வாய்க்கிழமை, உம்மு ஷவ்கி வந்து கவுண்டரில் இரண்டு கையையும் ஊன்றி நின்றாள்.

"வர்ற வெள்ளிக்கிழமை அவனுக்கு நாப்பது. மூணாம் நாளும் பண்ணலை, நாப்பதும் இல்லையா? தெரு நாய்க்குக்கூட இப்படி ஆகாது, மகளே."

இந்த நாட்டில் முஸ்லிமோ கிறிஸ்தவனோ, எல்லோருக்கும் நாற்பது உண்டு. இறந்த நாளை ஒன்று என்று வைத்து விரல்விட்டு எண்ணி, நாற்பதாம் நாள் மறுபடி கூடுவோம். அதற்கும் பத்திரிகையில் அறிவிப்பு வரும்: பெயர், சொந்தங்கள், 'இன்று நாற்பதாம் நாள்'. எப்படி இறந்தார், எங்கே இறந்தார் என்றெல்லாம் அதில் இருக்காது. முதல் அறிவிப்பே ஒப்புதல் வாங்கித்தான் வந்திருக்கும் என்ற கணக்கில் நாற்பதாம் நாள் அறிவிப்பை யாரும் மறுபடி பார்ப்பதில்லை. செத்தவன் இரண்டாம் முறை சாவதில்லையே. என் கையிலிருந்து நேரே கீழே அச்சுக் கோக்கிற கூடத்துக்குப் போகும். கேப்டன் லுத்ஃபி தன் முத்திரையை நம்பிக்கொண்டிருந்தார். நாற்பது என்ற ஒன்று இருப்பதே அவர் நினைவில் இல்லை.

பக்கத்து மேஜையில் கேப்டன் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"நீ வீட்டுக்குப் போ, உம்மு ஷவ்கி," என்றேன். "வெள்ளிக்கிழமைக்கு நாற்காலி சொல்லி வை."

அவள் என் முகத்தையே பார்த்தாள். போர்வை முனையை மறுபடி பல்லில் கடித்துக்கொண்டு போய்விட்டாள்.

அவளுக்கு மட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். வியாழக்கிழமை மதியம் கேப்டன் சாப்பிடப் போனதும் இழுப்பறையைத் திறந்தால், ஷவ்கியின் காகிதம் அடியில் இருந்தது. அதை எடுக்க எழுபது காகிதங்களைத் தூக்க வேண்டியிருந்தது. ஒவ்வொன்றையும் பார்த்தேன். திங்கட்கிழமை இறந்ததாக வீட்டார் எழுதிக் கொடுத்தவர்கள் மட்டும் முப்பத்தெட்டு பேர். ஆசிரியர் பயிற்சி முடித்தவன், அல்வாக் கடைக்காரர் மகன், மே மாதம் கல்யாணமான மிலாத் தானியல். அத்தனை பேருக்கும் அந்த வெள்ளிக்கிழமை நாற்பது. செவ்வாய், புதனில் இறந்தவர்களை எடுத்தால் நாள் பிசகிவிடும். நான் மூன்றாம் மாடி இல்லை. முப்பத்தெட்டையும் எழுதினேன். சிப்பாய் என்று எழுதவில்லை, சினாய் என்று எழுதவில்லை, வீரமரணம் என்று எழுதவில்லை. பெயர், சொந்தம், நாற்பது.

கீழே அச்சுக் கோக்கிற கூடத்தின் மேஸ்திரி ஹனஃபி, என்னைவிட மூத்தவர். கண்ணாடியை நெற்றியில் தூக்கிவிட்டுக் காகிதக் கட்டைப் புரட்டினார்.

"இத்தனை பேருக்கும் நாளைக்கேவா?"

"ஆமாண்ணே."

உதட்டை அசைத்துக்கொண்டே பின்னோக்கி எண்ணினார். கட்டை விரல் சுண்டு விரலுக்குப் போய்த் திரும்பி வந்தது. நின்றது.

"தவ்லத், உனக்குப் பைத்தியமா?"

"வேண்டாம்னா குடுத்துருங்க."

"குடுத்துருங்கவாம்." கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார். "எம் மச்சினன் பையனையும் காணோம்ங்கிறாங்க." பிறகு இடம் பண்ண, அறிவிப்புப் பக்கத்தில் ஏற்கெனவே கோத்து வைத்திருந்த ஃபிரிட்ஜ் விளம்பரத்தை இரண்டு கையாலும் தூக்கித் தூரப் போட்டார்.

வெள்ளிக்கிழமை இதழ்தான் வாரத்திலேயே அதிகம் விற்பது. முதல் பக்கத்தில் 'போர்முனையில் அசையாத உறுதி' என்று வஜ்தி எழுதியிருந்தார். யார் பார்த்தார்கள்? டிராமில் எனக்கு எதிரே இருந்த ஆள் பின்பக்கத்தைத் திறந்தார். முதல் அறிவிப்பு, இரண்டாவது, மூன்றாவது. பத்தாவதுக்கு வந்தபோது விரலை மடக்க ஆரம்பித்தார். பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்த்து அவரும் மடக்கினார். டிராம் முழுக்க விரல்கள் மட்டும் மடங்கின. அந்தத் திங்கட்கிழமை சிவப்பு எழுத்தில் என்ன படித்தோம் என்று ஒருவருக்கும் மறந்திருக்கவில்லை.

அன்று மாலை பூலாக் போனேன். சந்தில் இரண்டு வரிசை நாற்காலி. முடிதிருத்துபவன் கடையை அடைத்துவிட்டு முதல் ஆளாக வந்து, தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தான் என்று சொன்னார்கள். ஓதுகிறவர் குரல் மேலே பெண்கள் இருந்த அறைவரை கேட்டது. உம்மு ஷவ்கி என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை.

சனிக்கிழமை காலை நான் போவதற்கு முன்பே வரிசை நின்றது. செவ்வாய்க்காரர்களும் புதன்காரர்களும், எங்கள் பையனுக்கு ஏன் போடவில்லை என்று கேட்க வந்திருந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். கேப்டன் லுத்ஃபியின் மேஜை காலியாக இருந்தது. அவரை எங்கோ கூப்பிட்டு அனுப்பியிருந்தார்கள். உம்மு ஷவ்கியும் வந்திருந்தாள், மகன் பேரால் கொடுக்கிற இனிப்பு ரொட்டிகளைத் துணியில் கட்டிக்கொண்டு. எனக்கு ஒன்று கொடுத்தாள், வரிசையில் நின்றவர்களுக்கும் கொடுத்தாள்.

அப்போது வஜ்தி மாடியிலிருந்து இறங்கி வந்தார். முகத்தில் சிரிப்பு இல்லாமல் நான் அவரைப் பார்த்தது அன்றுதான்.

"என்னடி பண்ணி வெச்சிருக்க? நேத்துலேர்ந்து ஃபோன் நிக்கலை. ஊரே உக்காந்து விரலை மடக்குது!"

"நீங்கதானே சொன்னீங்க, ஜனங்க எண்ணிக்குவாங்கன்னு."

"திமிரா? உன் வேலை போச்சு. அதோட நிக்கும்னு நெனைக்காத. என்னையும் சேத்து இழுத்து விட்டுட்ட. எனக்குப் புள்ளை குட்டி இருக்கு."

"இவங்களுக்கும் இருந்துச்சு, உஸ்தாத்."

உம்மு ஷவ்கி ரொட்டி மூட்டையைக் கவுண்டரில் வைத்தாள். "இவரு யாரு, மகளே?"

"முதல் பக்கத்துல தலைப்பு எழுதறவரு."

"அந்தத் திங்கக்கிழமை எழுதினதும் இவருதானா? சிவப்பா?"

"இவருதான்."

வஜ்தி ஒரு அடி பின்னால் போனார். "அம்மா, அதெல்லாம் மேலேர்ந்து வந்தது. நான் என்ன பண்ண முடியும்? நான் வெறும்..."

"எங்க சந்துக்கு மேலேர்ந்து யாரும் வரலை, ஐயா. நீங்க எழுதினதுதான் வந்துச்சு." அவள் குரல் உயரவே இல்லை. "காபிக் கடைக்காரன் சத்தமாப் படிச்சான். நாப்பதுன்னான். நான் துவைக்கிற கல்லை விட்டுட்டு எந்திரிச்சு நின்னு குலவை போட்டேன். அறுபதுன்னான். மறுபடி போட்டேன். எம்புள்ள அங்க இருக்கான், அவன்தான் ஜெயிக்கிறான்னு தெருவெல்லாம் சொல்லிக்கிட்டு போட்டேன். எண்பத்துமூணுன்னப்ப தொண்டை கட்டிப்போற வரைக்கும் போட்டேன். பயூமி சொன்ன நேரத்தைக் கணக்குப் போட்டுப் பாத்துட்டேன். அப்பத்தான் எம்புள்ள மேல மண்ணைத் தள்ளிக்கிட்டு இருந்திருக்கான். அவன் கல்யாணத்துக்குன்னு வெச்சிருந்த குலவையை நான் அவன் குழிமேல போட்டுட்டேன்."

அவள் அவரிடமிருந்து திரும்பி என்னைப் பார்த்தாள்.

"ஒரு காகிதம் எடு. இன்னொரு அறிவிப்பு இருக்கு. எழுது: 'மகனே ஷவ்கி, ஜூன் ஐந்தாம் தேதி நான் குலவையிட்டதை மன்னித்துவிடு. உன் தாய்.' அவ்வளவுதான்."

எழுதினேன். தணிக்கை அதிகாரி இல்லாதபோது பொறுப்பில் உள்ளவர் கையெழுத்துப் போடலாம் என்பது விதி. காகிதத்தைத் திருப்பி வஜ்தியின் முன்னால் தள்ளினேன், பேனாவையும் வைத்தேன்.

"போடுங்க, உஸ்தாத். உங்களுக்குத்தான் நல்ல கையெழுத்தாச்சே."

அவர் அதைப் படித்தார். ஒரே ஒரு வரிதான், ஆனால் வெகு நேரம் படித்தார். பேனாவைத் தொடாமல் படியேறிப் போய்விட்டார். நடுப்படியில் ஒருமுறை சுவரைப் பிடித்துக்கொண்டார். எனக்கு இரக்கம் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

வரிசையில் அடுத்து நின்ற பெண் மிலாத் தானியலின் தாய். மகனுக்குத்தான் அறிவிப்பு வந்துவிட்டதே, எதற்கு வந்திருக்கிறாள் என்று நிமிர்ந்தேன்.

"அதுலயே என் பேரையும் போட்டுக்கம்மா," என்றாள். "பால்கனில நின்னு நானும் குலவை போட்டேன்."

அவளுக்குப் பின்னால் இருந்தவளும் சொன்னாள். அதற்குப் பின்னால் இருந்தவளும். தள்ளாத கிழவி ஒருத்தி, தன் மருமகள் பெயரையும் சேர்க்கச் சொன்னாள். புருஷன் செத்தது தெரிந்த நாளிலிருந்து அந்தப் பெண் வாய் திறந்து பேசுவதில்லையாம். காகிதத்தின் முன்பக்கம் நிறைந்து பின்பக்கத்துக்குப் போனது. இது அச்சில் வருமா என்று ஒருத்திகூடக் கேட்கவில்லை. வெளியே என்னைக் கூட்டிப் போக ஜீப் வந்து நின்ற சத்தம் கேட்டது. நான் எழுதி முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

கடைசிப் பெயராக என் பெயரை எழுதினேன். அந்தத் திங்கட்கிழமை, மூன்றாம் மாடியிலிருந்து இறங்கி வந்து, இந்தக் கவுண்டருக்குப் பின்னால் இருக்கிற ஜன்னலைத் திறந்து, நானும் போட்டேன்.